ஒரு கை மட்டும் பருத்தால் டென்னிஸை நிறுத்த வேண்டுமா?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மகளுக்கு 13 வயது, எட்டு வயதிலிருந்து டென்னிஸ் ஆடுகிறாள். வலது முன்கை இடதைவிட 2 செ.மீ. பருமன். வலது தோளும் இறங்கித் தெரிகிறது. வலி இல்லை. வீட்டுப் பெரியவர்கள் ஆட்டத்தை நிறுத்தச் சொல்கிறார்கள். இடது கையிலும் ஆடவைத்தால் சரியாகுமா?"

நிறுத்த வேண்டாம். இந்த வயதில் இத்தனை வருடம் ஆடியும் இரண்டு கையும் ஒரே அளவில் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

பருத்திருப்பது தசை மட்டும் இல்லை, உள்ளே எலும்பும்தான். தொழில்முறை ஆட்டக்காரர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த 1977-ஆம் வருட ஆய்வு ஒன்றில், ஆடும் கையின் மேல்கை எலும்புச் சுவர் மறு கையைவிட ஆண்களுக்குச் சுமார் 35 சதவீதமும் பெண்களுக்கு 28 சதவீதமும் தடித்திருந்தது. 1995-ல் பின்லாந்தில் பெண்களிடம் செய்த ஆய்வு உங்கள் மகளுக்கு இன்னும் பொருத்தம்: பூப்படைவதற்கு முன்போ அந்தச் சமயத்திலோ ஆடத் தொடங்கியவர்களுக்கு, பூப்படைந்து 15 வருடத்துக்கு மேல் கழித்துத் தொடங்கியவர்களைவிட ஆடும் கையில் எலும்புச் சத்து கூடியது இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். பந்து படும் ஒவ்வொரு அடிக்கும் எலும்பு தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். 1962, 1969 இரண்டு வருடமும் நான்கு கிராண்ட்ஸ்லாமையும் வென்ற ராட் லேவரின் இடது முன்கை ஒரு ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரரின் கை மாதிரி இருக்கும் என்பார்கள். அந்தக் கையை யாரும் வியாதி என்று சொன்னதில்லை.

தோள் இறங்கியிருப்பதும் ஆடும் கைப்பக்கம் சகஜமாகப் பார்ப்பதுதான். ஒரு தடவை மட்டும் அவளை முன்னால் குனியச் சொல்லி, பின்னாலிருந்து முதுகைப் பாருங்கள். ஒரு பக்கம் மேடாக எழும்பினால் முதுகெலும்பைக் காட்டிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

நான் கவலைப்படுவது அளவைப் பற்றி இல்லை, தோள் சுழல்வதைப் பற்றி. மல்லாந்து படுக்கவைத்து, கையைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கி விரல்கள் கூரையைப் பார்க்கும்படி வையுங்கள். தோளை லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, முன்கையைத் தலைப் பக்கமும் பிறகு கால் பக்கமும் சாய்க்கச் சொல்லுங்கள். சர்வ் போடும் கை தலைப் பக்கம் கூடுதலாகவும் கால் பக்கம் குறைவாகவும் போகும், அது இயல்பு. இரண்டையும் கூட்டினால் இடது கைக்குச் சமமாக வருகிறதா என்பதுதான் கேள்வி. மொத்தமே குறைந்திருந்தால் தோளின் பின்பக்கம் இறுகியிருக்கலாம். அதற்குக் கையை மார்புக்குக் குறுக்கே இழுத்துப் பிடிக்கும் பயிற்சியைத் தினமும் செய்யலாம், ஆனால் ஒரு பிசியோதெரபிஸ்ட் அளந்து பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது.

அப்புறம், பலர் கவனிக்காதது ஒன்று. பருத்தால் பயப்படுகிறோம், இளைத்தால் கண்ணில் படுவதில்லை. வலது தோள்பட்டை எலும்பின் மேல் குழி விழுந்த மாதிரி இருந்தால் அங்கே நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம், சில சமயம் வலியே இருக்காது. கை மரத்துப்போவது, முழுக் கையும் திடீரென்று வீங்கி நீலம் பாரிப்பது, இரண்டும் காத்திருக்கும் விஷயங்கள் இல்லை. நீலம் பாரித்து வீங்கினால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை. வளரும் பிள்ளைக்கு சர்வ் போடும்போது மேல்கையில் வலி வந்தால் எலும்பு நீண்டு வளரும் இடமான வளர்ச்சித் தட்டு பாதிக்கப்பட்டிருக்கலாம், மருத்துவர் பார்க்கும்வரை சர்வை நிறுத்துங்கள். வலி மாத்திரை போட்டு ஆடவைக்கவே கூடாது.

இடது கையில் ஆடவைத்தால் வலது கை இளைக்காது. எழுதுவது போன்ற வேலைகளை வலது கையில் செய்யும் நடால் இடது கையில் ஆடினார் என்பதற்காக யாராவது யோசனை சொல்வார்கள், கேட்க வேண்டாம். அதற்குப் பதில் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ரப்பர் பேண்டை இழுக்கும் பயிற்சி, இரண்டு கைக்கும் சமமாக. ராக்கெட்டில் முரட்டு பாலியஸ்டர் நரம்பு கட்டியிருந்தால் அதை மட்டும் மென்மையானதாக மாற்றிவிடுங்கள், 13 வயது முழங்கைக்கு அது தேவையில்லாத அதிர்ச்சி.