இரண்டு கட்டைகளுக்கு நடுவே

வணக்கம் சார்,

ஜாஸ் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். பழைய மேதைகளில் முதல் 10 பேரை வரிசைப்படுத்தித் தர முடியுமா? சாக்ஸபோனில் சார்லி பார்க்கரா, ஜான் கோல்ட்ரேனா, யார் பெரியவர்? இன்னொன்று. தெலோனியஸ் மங்க்கை எல்லோரும் மேதை என்கிறார்கள். எனக்கு அவர் பியானோவில் கட்டை மாற்றி அடிப்பதுபோலத்தான் இருக்கிறது. சமைத்துக்கொண்டே போனில் நாலைந்து கேட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை.

முரளி

அன்புள்ள முரளி,

பட்டியல் என்னிடம் இல்லை. பார்க்கரா கோல்ட்ரேனா என்பது டீக்கடைக் கேள்வி, அங்கேயே இருக்கட்டும். மங்க்கைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். இந்த வாரம் முழுக்க என் தலைக்குள்ளும் அதே கட்டைகள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

உங்கள் காது நல்ல காது. பக்கத்துக் கட்டையும் சேர்ந்து விழுவதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. ஏன் விழுகிறது என்று கேட்கத்தான் உங்களுக்குப் பொறுமை இல்லை.

ஜாஸின் வேரான ப்ளூஸ் பாட்டைப் பாடுகிறவரின் காந்தாரம், அதாவது 'க', தாழ்ந்த சாதாரணத்துக்கும் உயர்ந்த அந்தரத்துக்கும் நடுவில் எங்கோ வழுக்கும். குரலில் அது முடியும், ட்ரம்பெட்டில் உதட்டாலும் முடியும். பியானோவில் சுத்தி கம்பியைத் தட்டியதும் ஸ்வரம் அங்கேயே நின்றுவிடும். மங்க் என்ன செய்கிறார்? இரண்டு காந்தாரங்களையும் ஒன்றாக அடித்து, ஒன்றிலிருந்து மட்டும் விரலை எடுக்கிறார். ஒன்று அடங்க, மற்றது நிற்க, ஸ்வரம் வளைந்துபோனதாகக் காது நம்பிவிடுகிறது.

கீபோர்டோ ஆர்மோனியமோ இருந்தால் செய்து பாருங்கள். ஸட்ஜம் பி பிளாட். சாதாரண காந்தாரம் டி பிளாட், கறுப்புக் கட்டை. அதை ஒட்டி வலப்பக்கம் அந்தர காந்தாரம் டி, வெள்ளை. இரண்டையும் சேர்த்துத் தட்டி, கறுப்பை உடனே விட்டுவிட்டு வெள்ளையைப் பிடித்திருங்கள். நிஜப் பியானோ என்றால் வலது பெடலில் கால் வைக்காதீர்கள். வைத்தால் நீங்கள் விட்ட கட்டையின் கம்பியும் அடங்காது. வளைவு போய் இரைச்சல்தான் மிஞ்சும்.

கைதவறிய அடி என்றால் மறுபடி அதே இடத்தில் வராது. 1951இல் பதிவான 'ஸ்ட்ரெய்ட், நோ சேஸர்' கேளுங்கள். சின்னதாக ஒரே ஒரு சொற்றொடர்தான். ஒவ்வொரு முறையும் எடுப்பு வேறு இடத்தில். வாலும் ஒருமுறை நீளும், ஒருமுறை குறையும். கீழே நாலு எண்ணிக்கைக்கு ஒரு பார் என்று 12 பார் அசையாமல் போய்க்கொண்டிருக்கும். அந்தப் 12 திரும்பி வரும்போது எல்லா எடுப்பும் பழைய இடத்திலேயே வந்து உட்காரும். எண்ணாமல் கேட்டால் மனிதர் தடுமாறுகிறார் என்றுதான் தோன்றும்.

போனில், அதுவும் சமைத்துக்கொண்டே! அந்த 12 பாரைத் தாங்கிப் போகிற பெரிய தந்தி வாத்தியம் டபுள் பேஸ். அதன் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்த அடிநாதம் போன் ஸ்பீக்கரில் வராது. தாளம் போடுகிறவரை வெளியே அனுப்பிவிட்டுப் பல்லவி கேட்டால் என்ன பிடிபடும்? ஹெட்போன் மாட்டுங்கள். குழம்பு பிறகு கொதிக்கட்டும்.

உங்கள் கோல்ட்ரேனும் மங்க்கின் குழுவில் வாசித்தவர்தான். 1957 நவம்பர் 29, நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஒரு கச்சேரி. அந்தக் கச்சேரியின் டேப் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நூலகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்து 2005இல்தான் வெளிவந்தது. சாக்ஸபோன் மூச்சுவிடாமல் கொட்டும்போது பியானோ இரண்டு கட்டையைத் தொட்டுவிட்டுச் சும்மா இருக்கும். அந்தச் சும்மாவையும் எண்ணிக்கொண்டே வாருங்கள்.

அதைக் கேட்பதற்கு முன் 1954இன் 'ப்ளூ மங்க்' கேளுங்கள். அதே பி பிளாட், அதே 12 பார், பியானோ, பேஸ், ட்ரம்ஸ் மூன்றே பேர், நிதானமான நடை. முதல் தடவை பேஸை மட்டும் கேளுங்கள். 12 முடியும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கி, மொத்தம் எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். இரண்டாம் தடவை பியானோவைக் கேட்டு எண்ணும்போது கணக்கு வேறாக வந்தால், கட்டைகளை விட்டுவிட்டு மறுபடி பேஸுக்கே போங்கள்.