பச்சைத் தண்ணீரா, வெந்நீரா?

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பச்சி வெந்நீர் இல்லாமல் சவரத்துக்கு உட்கார மாட்டார். சூடு பட்டால்தான் தோலின் துவாரம் திறக்குமாம், பச்சைத் தண்ணீரில் வழித்தால் பிளேடு சீக்கிரம் மழுங்கிவிடுமாம். நான் பச்சைத் தண்ணீர்க் கட்சி. ஆனால் எனக்குச் சோப்பு நுரைப்பதே இல்லை, கழுத்தில் எரிச்சல் வேறு. யார் சொல்வது சரி?

ஆர்., காரைக்குடி

அன்புள்ள ஆர்.,

துவாரக் கதையை மட்டும் அப்பச்சியை விட்டுவிடச் சொல்லுங்கள். தோலின் துவாரங்களுக்குக் கதவு கிடையாது. திறந்து மூடுவதற்கான தசையே அங்கே இல்லை.

நடப்பது வேறு. காய்ந்த தாடிமயிர் முரடு. தண்ணீரைக் குடித்ததும் உப்பி இளகிவிடும், வெட்டுவதற்குப் பாதி பலம்கூட வேண்டாம் என்று தோன்றும். அதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். வெந்நீரில் கொஞ்சம் விரைவு, அவ்வளவுதான். எங்கள் ஐயாவுக்குச் சவரம் செய்ய வருகிறவர் திண்ணையில் உட்கார்ந்து, பித்தளைக் கிண்ணத்துப் பச்சைத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு விரலால் தாடையைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். சோப்பெல்லாம் கிடையாது. ஊர்க்கதை ஒன்று முடிந்த பிறகுதான் கத்தியை வாரில் தீட்டுவார். அந்தக் கதை ஓடுகிற நேரம்தான் அவருடைய வெந்நீர். நாம் முகத்தை நனைத்த கையோடு பிளேடை வைக்கிறோம்.

பிளேடு மழுங்குவதற்கும் தண்ணீரின் குளிர்ச்சியைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. மயிர்தான் மழுங்க வைக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2020இல் இதை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பிளேடு எஃகைவிட மயிர் 50 மடங்கு மெத்தென்றது. ஆனாலும் அது சாய்ந்து வந்து மோதுகிற கோணமும் எஃகின் உள்ளமைப்பும் ஒத்துவந்தால் விளிம்பில் சில்லுப் பெயர்கிறது. வாளியில் இருக்கிற வெந்நீரின் சூடு எஃகை ஒன்றும் செய்யாது.

சரி, உங்கள் நுரைக்கு வருவோம். கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகிவிடும், நுரைக்க மிச்சம் சோப்பு இருக்காது. நுரை இல்லாமல் பிளேடு கழுத்தில் உரசினால் எரியாமல் என்ன செய்யும்? ஐப்பசி மழையில் ஓட்டிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் தண்ணீரை அண்டாவில் பிடித்து, துணியில் வடிகட்டி வைத்தார்களே, அதில் ஒரு தடவை சோப்பைக் குழைத்துப் பாருங்கள். நுரை கிண்ணத்தை விட்டு வழியும்.

இங்கேதான் உங்கள் அப்பச்சிக்கு ஒரு மார்க் போட வேண்டியிருக்கிறது. தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தால் அந்த உப்பில் ஒரு பங்கு பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். வெந்நீர்த் தவலையின் உட்புறத்தைப் பார்த்தால் தெரியும். மேலே நிற்கிற தண்ணீர் நுரைக்கும், ஆறிய பிறகும் நுரைக்கும். சோப்பு கரைவதும் சூட்டில் சுலபம். காரணம் வேறாக இருந்தாலும் அவர் கை சரியான சொம்புக்குத்தான் போயிருக்கிறது. ஆனால் வெதுவெதுப்புக்கு மேல் வேண்டாம். சூடு அதிகமானால் தோலின் எண்ணெய்ப் பசை போய்விடும். உங்கள் கழுத்து ஏற்கெனவே எரிகிறது. முடிந்ததும் படிகாரத்தை ஈரத்தில் ஒரு தடவை ஓட்டுங்கள், ஆனால் வெட்டுக்காயத்தில் சுரீர் என்னும்.

சித்திரையில் இந்த விவாதமே கிடையாது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பன்னிரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் வெந்நீர்தான் வரும்.

போன கார்த்திகையில் நான் இரண்டு குடம் மழைத்தண்ணீர் சவரத்துக்கென்றே மூடி வைத்தேன். தை முடிவதற்குள் தீர்ந்துவிட்டது. இப்போது ராத்திரியே ஒரு சொம்பு கொதிக்க வைத்து, ஆற வைத்து, தெளிந்ததைக் காலையில் எடுத்துக்கொள்கிறேன். இது எந்தக் கட்சியில் சேரும் என்று அப்பச்சியிடம் கேட்டு எழுதுங்கள்.