ஸ்கீ பூட்டுக்குள் குதிகால் எலும்பு: கேள்வி பதில்

பூட் பொருத்துவது, ஷெல் (பூட்டின் கெட்டியான பிளாஸ்டிக் வெளி ஓடு) வேலை, குதிகால் புடைப்பு, பாத வலி ஆகியவற்றுக்கு மட்டும் இங்கே பதில். கேட்கும்போது மூன்று விவரம் தாருங்கள்: வலி குதிகாலின் பின்புறமா அடிப்புறமா, பூட் என்ன சைஸ், பக்கிளைத் திறந்தால் வலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது.

வெண்சரிவு: குதிகாலின் பின்பக்கம், மேலோரத்தில் கெட்டியாக ஒரு புடைப்பு. எக்ஸ்ரே பார்த்து எலும்பு வளர்ந்திருக்கிறது என்றார்கள். பூட் 26.5. போட்டுப் பத்து நிமிடத்தில் உயிர் போகிறது, கழற்றினால் உடனே நிம்மதி. ஷெல்லை உப்ப வைக்கலாமா, அரைக்கலாமா?

அதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிய வேண்டும். பூட் அந்தப் புடைப்பை அழுத்துகிறதா, உரசுகிறதா? எலும்பு தானாக வலிப்பது அரிது. அதன் மேலுள்ள தோலும், எலும்புக்கும் குதிநாணுக்கும் (கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் நாண்) நடுவே இருக்கும் சின்ன நீர்ப்பையும் வீங்கும்போதுதான் வலி. அழுத்தம் என்றால் இடம் கொடுக்க வேண்டும். உரசல் என்றால் குதிகாலை அசையாமல் பிடிக்க வேண்டும். இரண்டும் நேரெதிர் வைத்தியம். உரசல் உள்ளவர் ஷெல்லை உப்ப வைத்தால் குதிகால் இன்னும் ஆடும், வலி இன்னும் ஏறும்.

பக்கிள் போட்டு நின்ற இடத்திலேயே சில நிமிடங்களில் வலித்து, திறந்ததும் அடங்கினால் அழுத்தம். நாலைந்து சரிவு இறங்கிய பிறகு எரிச்சலாகத் தொடங்கி, தோல் சிவந்தோ கொப்புளித்தோ இருந்தால் உரசல். சந்தேகமிருந்தால் புடைப்பின் மேல் லிப்ஸ்டிக் தடவி, வெறுங்காலில் லைனரை (ஷெல்லுக்குள் இருக்கும் மெத்தையான உள்பூட்) போட்டு, ஷெல்லுக்குள் இறங்கி, பக்கிள் மாட்டி இருபது முறை முன்னால் வளையுங்கள். லைனரில் ஒரே புள்ளியாகப் பதிந்தால் அழுத்தம். மேலும் கீழும் இழுவிய கோடாக இருந்தால் உரசல்.

உங்களுடையது அழுத்தம் மாதிரி இருக்கிறது. வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள், முந்தையது போதவில்லை என்றால் மட்டும் அடுத்தது.

முதலில் ஷெல் அளவு. லைனரை வெளியே எடுத்துவிட்டு வெறும் ஷெல்லில் கால் வையுங்கள். விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொடட்டும். குதிகாலுக்குப் பின்னால் 15 முதல் 20 மி.மீ. இடைவெளி இருந்தால் சரி. 10 மி.மீ.க்குக் குறைவென்றால் பூட்டே சிறியது, மற்ற வேலைகள் வீண். 25 மி.மீ.க்கு மேல் என்றால் பெரியது. அப்போது உங்கள் வலி உரசலாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து லைனர். லிப்ஸ்டிக் பதிந்த இடத்தைச் சுற்றி, லைனரின் வெளிப்பக்கத்தில், நடுவில் ஓட்டை வெட்டிய 3 மி.மீ. ஒட்டு ஃபோம் ஒட்டுங்கள். ஓட்டை புடைப்பைவிடச் சற்றே பெரிதாக இருக்கட்டும். தோல் மேல் ஒட்டாதீர்கள், வியர்வையில் நகர்ந்து புடைப்பின் மேலேயே ஏறி உட்காரும். வெப்பத்தில் வடிவம் எடுக்கும் லைனர் என்றால் இன்னும் நல்லது. புடைப்பின் மேல் 5 மி.மீ. ஃபோம் துண்டை வைத்து, மெல்லிய சாக்ஸ் மாட்டி, அதோடு லைனரை வார்த்தெடுங்கள். ஃபோமை எடுத்ததும் புடைப்புக்கென்று ஒரு குழி கிடைத்துவிடும். சூடு தயாரிப்பாளர் சொன்ன அளவு, பெரும்பாலும் 110 முதல் 120 டிகிரி செல்சியஸ், பத்து நிமிடம் போல.

கடைசியாக ஷெல். இந்த இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. பக்கவாட்டில், சுண்டுவிரல் எலும்புக்கு உப்ப வைப்பது சுலபம், வெளியே தடுக்க ஒன்றுமில்லை. குதிகாலின் பின்மேல் பகுதியிலோ கீழ் ஷெல்லின் மேல் கஃப் (கெண்டைக்காலைச் சுற்றிப் பிடிக்கும் மேல் ஓடு) படிந்திருக்கிறது. வெளியே தள்ளினால் கஃப்பில் இடித்து, பூட் வளையும் விதமே மாறிவிடும். அதனால் அங்கே உள்ளிருந்து அரைப்பதுதான் முதல் தேர்வு. ஷெல் அங்கே 4, 5 மி.மீ. தடிமன் இருந்தால் 2 மி.மீ.க்கு மேல் எடுக்காதீர்கள். ஓரங்களைச் சரிவாக இழைத்து விடுங்கள், படி மாதிரி நின்றால் அந்த விளிம்பே அடுத்த வலி. அதுவும் போதவில்லை என்றால் கஃப்பைக் கழற்றி, கீழ் ஷெல்லை உப்ப வைத்து, கஃப்பின் உட்புறத்தையும் அதே அளவுக்கு அரைத்து மாட்ட வேண்டும். இது பூட் ஃபிட்டரின் வேலை.

மலைக்காற்று: வீட்டிலேயே ஹீட் கன் வைத்து உப்ப வைக்க முடியாதா?

ஷெல் எந்தப் பிளாஸ்டிக் என்று பாருங்கள். பாலியூரிதேன் என்றால் முடியும். நைலான் வகை லேசான டூரிங் (மலையேறவும் பயன்படும்) ஷெல் என்றால் தொடாதீர்கள். அது இளகும் வெப்பத்துக்கும் சுருண்டு போகும் வெப்பத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு. பாலிபுரோப்பிலீன் ஆறியதும் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும்.

பாலியூரிதேனிலும் அவசரம் கூடாது. கன்னை ஒரு சாணுக்கு அப்பால் பிடித்து, நிறுத்தாமல் வட்டமாக ஆட்டி, உள்ளும் புறமும் மெதுவாகச் சூடேற்றுங்கள். பளபளப்பு ஏறத் தொடங்கினால் அதுதான் எல்லை. ஷெல்லை உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்துக் கருவியைத் தேவையைவிட 2 மி.மீ. கூடுதலாகத் திருகி, அப்படியே முழுதாக ஆற விடுங்கள், ஓர் இரவு முழுக்க விட்டால் நல்லது. சூட்டோடு கருவியை எடுப்பதுதான் எல்லோரும் கெடுக்கும் இடம், பாதிக்கு மேல் திரும்பிவிடும். பைண்டிங்கில் (பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பிடிப்பு) மாட்டுகிற முன்விளிம்பு, பின்விளிம்பு இரண்டுக்கும் அருகே மட்டும் சூடு போகவே கூடாது. அவற்றின் அளவு மாறினால் விழும்போது பைண்டிங் சரியாக விடாது.

புதுக்கால்: அரை சைஸ் பெரிது வாங்கினால் குதிகாலுக்கு இடம் கிடைக்குமே?

கிடைக்காது. பெரும்பாலான பூட்களில் 26.0, 26.5 இரண்டுக்கும் ஷெல் ஒன்றே, மாறுவது உள்ளே இருக்கும் ஃபுட்பெட்டோ (பாதத்துக்கு அடியில் போடும் அட்டை) லைனரோதான். முழு சைஸ் ஏறினால் நீளம் கூடும், குதிகால் பிடிமானம் போகும், உரசல் தொடங்கும்.

அடிப்பாதம்: எனக்கு வலி குதிகாலின் அடியில். காலையில் முதல் அடி வைக்கும்போது கத்தி குத்தின மாதிரி. எக்ஸ்ரேயில் முள் போல எலும்பு. பூட்டில் என்ன மாற்றலாம்?

அந்த முள்ளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வலியே இல்லாத பலரின் எக்ஸ்ரேயிலும் அது இருக்கும். வலிப்பது உள்ளங்கால் சவ்வு. பூட்டின் அடி விறைப்பானது, சவ்வு அதிகம் இழுபடாது. அதனால் சரிவில் ஓரளவு நன்றாக இருந்து, பூட்டோடு கான்கிரீட்டில் நடக்கும்போதும் மறுநாள் காலையிலும்தான் உங்களுக்குத் தொல்லை வரும். பூட்டோடு வரும் தட்டையான அட்டை ஃபுட்பெட்டை எடுத்துவிட்டு, குதிகாலைக் கிண்ணம் போல் பிடித்து வளைவைத் தாங்கும் கெட்டியான ஒன்றைப் போடுங்கள். மெத்தென்ற ஜெல் வேண்டாம். ஒவ்வொரு திருப்பத்திலும் குதிகால் அமுங்கி எழும்.

கட்டிலை விட்டு இறங்குமுன் கால்மேல் கால் போட்டு, விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்துப் பத்து எண்ணுங்கள், பத்து முறை. பூட் போடுமுன்னும் கழற்றிய பின்னும் அதே. பொறுமை வேண்டும், இது மாதக்கணக்கில்தான் ஆறும்.

நேர்க்கோடு: குதிகால் வலிக்கு ஹீல் லிஃப்ட் (குதிகாலுக்கு அடியில் வைத்து அதை உயர்த்தும் துண்டு) போடச் சொல்கிறார்கள். அது சுத்தத் தப்பு. உடம்பை முன்னால் தள்ளும், தொடை எரியும். யாரும் போடக் கூடாது.

யாரும் என்பது தவறு. சிலர் போடக் கூடாது என்பது சரி.

சுவருக்கு எதிரே நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். கட்டைவிரல் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளியிருந்தும் தொட முடிந்தால் உங்கள் கணுக்கால் நன்றாக மடங்குகிறது, லிஃப்ட் தேவையில்லை. 5 செ.மீ.யிலேயே குதிகால் எழுகிறதென்றால் கணுக்கால் இறுக்கம். பல பூட்கள் கெண்டைக்காலை 12 முதல் 17 டிகிரி முன்னால் சாய்த்து நிறுத்துகின்றன. இறுக்கமான கணுக்கால் அந்தச் சாய்வுக்கு வர முடியாமல் குதிகாலை மேலே தூக்கும். தூக்கிய குதிகால் ஒவ்வொரு வளைவிலும் ஷெல்லில் உரசும். பக்கிளை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. இவருக்கு 3 மி.மீ. லிஃப்ட் உரசலையும் குதிநாண் இழுவையையும் சேர்த்துக் குறைக்கிறது.

நேர்க்கோடு: அப்படியானால் சமநிலை கெடுவதற்கு என்ன பதில்? பைண்டிங்கில் குதிகால் உயரமாக இருந்தாலே முன்னால் விழுகிறோமே.

நீங்கள் இரண்டு வேறு சாய்வுகளை ஒன்றாக்குகிறீர்கள். பைண்டிங்கின் உயர வித்தியாசம் பூட்டை மொத்தமாகச் சாய்க்கிறது. கணுக்கால் மடிப்பு மாறாது, முழங்கால் முன்னால் போகும். பூட்டுக்குள் வைக்கும் லிஃப்ட் கஃப்பை அசைப்பதில்லை, பாதத்தை மட்டும் சாய்த்துக் கணுக்கால் மடிப்பைத் தளர்த்துகிறது. குதிகாலிலிருந்து முன்பாதம் வரை 17, 18 செ.மீ. என்றால் 3 மி.மீ. ஏறக்குறைய 1 டிகிரி, 6 மி.மீ. 2 டிகிரி. 1 டிகிரியால் யாரும் முன்னால் விழுவதில்லை. நன்றாக மடங்கும் கணுக்காலுக்கு 6 மி.மீ. போட்டால் இடுப்பு பின்னால் போய்த் தொடை எரிவது உண்மைதான். நீங்கள் பார்த்தது அதுவாக இருக்கும்.

கஃப்காரன்: லிஃப்டுக்குப் பதில் சாய்வைக் குறைத்தால் என்ன?

நல்ல கேள்வி, முதலில் செய்ய வேண்டியதே அது. கஃப்பின் பின்புறம் உள்ளே ஸ்பாய்லர் துண்டு (கெண்டைக்காலை முன்னால் தள்ளும் ஆப்பு) இருந்தால் எடுத்துவிடுங்கள். கெண்டைக்கால் தடித்தவருக்கு இது ஒன்றே போதலாம். அதன் பிறகும் குதிகால் எழுந்தால் லிஃப்ட்.

நேர்க்கோடு: லிஃப்ட் போட்டதும் புறங்கால் நசுங்கி விரல் மரத்துப் போகிறதே, அதையும் சொல்லுங்கள்.

சொல்ல வேண்டியதுதான், இதில் உங்களோடு உடன்படுகிறேன். குதிகால் உயர்ந்தால் புறங்காலும் மேலேறும். அங்கே ஓடும் நரம்பும் தமனியும் நசுங்கினால் விரல்கள் மரக்கும், குளிரும். லிஃப்டை லைனருக்கு அடியில், பூட்போர்டின் (ஷெல்லின் அடியில் கிடக்கும் பலகை) மேல் வையுங்கள். புறங்கால் பக்கிளை ஒரு பல் தளர்த்துங்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: 3 மி.மீ. உயர்ந்ததும் புடைப்பு ஷெல்லின் குழிக்கு மேலே போய்விடலாம். அதனால் லிஃப்டை முடிவு செய்த பிறகே ஷெல்லை அரைக்க வேண்டும். முதலில் அரைத்துவிட்டுப் பிறகு லிஃப்ட் போட்டால் குழி ஓரிடத்தில், புடைப்பு வேறிடத்தில்.

தளர்வு: லிப்ஸ்டிக் சோதனையில் நீளக் கோடு விழுந்தது. உரசல்தான். ஷெல் அளவு சரியாக 18 மி.மீ. இருக்கிறது.

அப்படியானால் லைனர் அமுங்கிப் போயிருக்கிறது. புடைப்புக்கு மேலே, குதிநாணின் இருபுறமும் உள்ள பள்ளங்களில் எல் வடிவ ஃபோம் துண்டுகளை லைனரின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். புடைப்பின் மேல் எதுவும் வேண்டாம். பக்கிள் வரிசையும் முக்கியம். குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் உட்கார வைத்து, கஃப் பக்கிள்களை முதலில் போட்டு, சில முறை வளைத்து, பிறகு புறங்கால் பக்கிள். முன்பாதப் பக்கிள் சும்மா மூடினால் போதும். ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ், உள்ளே வேறு துணி கூடாது.

பனிப்பூ: ஒரு சைஸ் பெரிதாக எடுத்து இரண்டு சாக்ஸ் போட்டால்?

புதுக்காலுக்குச் சொன்னதைப் படியுங்கள். இரண்டு சாக்ஸ் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உரசலைக் கூட்டும்.

குழந்தைக்காக: பத்து வயது மகனுக்கு இரண்டு குதிகாலும் வலி. எலும்பு வளர்ந்திருக்குமா?

இந்த வயதில் பெரும்பாலும் குதிகால் எலும்பின் வளர்ச்சித் தட்டு எரிச்சலடைவதுதான். குதிகாலை இருபுறமும் அழுத்தினால் வலிக்கும். வலிக்கும் நாட்களில் ஓய்வு, அன்றாடக் காலணியில் சிறிய குதிகால் மெத்தை, பிள்ளைகள் மருத்துவரிடம் ஒரு பார்வை. வளரும் கால் என்று இரண்டு சைஸ் பெரிய பூட் வாங்காதீர்கள்.

ஊசி: சீசன் தொடங்குமுன் குதிநாண் பக்கம் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

குதிநாணுக்குள் ஸ்டீராய்டு போனால் நாண் பலவீனமாகி அறுந்து போகும் ஆபத்து உண்டு. அதைப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்குவதை எந்த வகையிலும் ஆதரிக்க மாட்டேன். வலி மாத்திரையும் அப்படித்தான்: வலியை அடக்கிக்கொண்டு பூட் பொருத்தாதீர்கள், எங்கே அழுத்துகிறது என்றே தெரியாது. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். குதிநாண் அறுபடும் ஆபத்துக்காக அமெரிக்க மருந்து ஆணையம் 2008-லேயே அவற்றுக்குக் கடுமையான எச்சரிக்கை சேர்த்தது.

நாணை வலுப்படுத்துவதுதான் வழி. 1998-இல் ஸ்வீடனின் ஆல்ஃப்ரெட்சன் குழு வெளியிட்ட முறை: இரு காலால் எம்பி, வலிக்கும் காலால் மெதுவாக இறங்குவது, 15 வீதம் 3 சுற்று, தினம் இரு வேளை, 12 வாரம். முழங்காலை நீட்டியும் மடக்கியும் செய்ய வேண்டும். ஆனால் எலும்போடு நாண் சேரும் இடத்தில் வலி என்றால் தரையில் நின்று செய்யுங்கள். படி விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்கினால் நாண் புடைப்பின் மேல் நசுங்கும்.

சர்க்கரை: நீரிழிவு உண்டு. பாதத்தில் உணர்ச்சி குறைவு. பூட் வலிக்கவே இல்லை, நல்லதுதானே?

இல்லை. இங்கே கேட்டவர்களில் அதிகக் கவனம் தேவைப்படுவது உங்களுக்குத்தான். கொப்புளம் வந்தாலும் தெரியாது, புண்ணாகிவிடும். மணிக்கொரு முறை கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் அன்றைக்கு நிறுத்துங்கள். வீட்டில் நீங்களே எதையும் அரைக்க வேண்டாம், பாத மருத்துவரிடம் காட்டிவிட்டு ஃபிட்டரிடம் போங்கள்.

விரைவு: பெரிய சைஸ் வாங்குவது பற்றி…

வேண்டாம்.

மருத்துவம்: எலும்பை வெட்டி எடுக்கும் அறுவை எப்போது?

அறுவை நிபுணரைக் கேளுங்கள். அவரிடம் போகும்போது பூட்டையும் எடுத்துப் போங்கள். காலைத் தரையில் ஊன்ற முடியாத வலி, 'பட்' என்ற சத்தத்தோடு பின்காலில் அடி விழுந்த உணர்வு, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்போடு இரு குதிகாலும் வலிப்பது, இவற்றில் எது இருந்தாலும் பூட் ஃபிட்டரிடம் போகாதீர்கள், நேரே மருத்துவரிடம் போங்கள்.

காலைக்குளிர்: கழற்றும்போதுதான் புடைப்பில் தோல் உரிகிறது.

குளிர்ந்த பிளாஸ்டிக் விரியாது. சூடான அறைக்குள் வந்து பத்து நிமிடம் கழித்து, எல்லாப் பக்கிளையும் முழுக்கத் திறந்து, பூட்டின் நாக்கை வெளியே இழுத்துவிட்டுக் கழற்றுங்கள். இரவில் லைனரை வெளியே எடுத்து உலர்த்துங்கள், ஈரத் தோல்தான் சீக்கிரம் உரியும்.