மெஷின் சுடுகிறது, பெரிய மோட்டார் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் கவுஞ்சிப் பக்கம் இருக்கிறோம். 38 செம்மறிகள். பாதிக்கு மேல் பாரத் மெரினோ கிடா விட்டுப் பிறந்த கலப்பு. அப்பா காலத்தில் கம்பளி வெட்டக் கைக்கத்தரிதான். போன வருடம் நான் கரண்ட் மெஷின் வாங்கினேன். மூன்று ஆடு தாண்டுவதற்குள் கையில் பிடிக்க முடியாத சூடு. கம்பளியை வெட்டாமல் மென்று மென்று இழுக்கிறது. ஐப்பசியில் மழை விட்ட இரண்டு நாளில் கத்தரித்தோம்; 11 ஆட்டுக்குத் தோல் கிழிந்து, ஒன்றுக்குப் புழுவே வைத்துவிட்டது. ஒரு பெட்டைக்குத் தாடைக்குக் கீழே எலுமிச்சை அளவு கட்டி. தெரியாமல் அதையும் கீறிவிட்டோம், சீழ் வந்தது. மெஷின் முனையில் இருக்கிற பல் சீப்பையும், அதன் மேல் ஓடி வெட்டுகிற கட்டரையும் சாணை பிடிப்பவரிடம் இரண்டு முறை தீட்டியாயிற்று. தேங்காய் எண்ணெய் தவறாமல் விடுகிறோம். அல்பாகா என்று வெளிநாட்டில் கம்பளிக்கு வளர்க்கிற பிராணியை முன்கால், பின்கால் கயிற்றில் கட்டி நீட்டி வெட்டுகிற வீடியோ பார்த்து, அதே மாதிரி கட்டித்தான் வெட்டினோம். கடைக்காரர், மெஷினுக்குச் சக்தி போதாது, பெரிய மோட்டார் மாடலுக்கு மாறுங்கள் என்கிறார். எந்தக் கம்பெனி வாங்கலாம்?

பதில்: தம்பி, எதுவும் வாங்க வேண்டாம். 38 ஆட்டுக்கு, கைப்பிடிக்குள்ளேயே மோட்டார் இருக்கிற சாதாரண மெஷின் தாராளம். மேலே மோட்டாரைத் தொங்கவிட்டுக் குழாய்த் தண்டு வழியாக ஓடுகிற பெரிய செட், நூற்றுக்கணக்கில் ஆடு வைத்திருப்பவர்களுக்கு. உங்கள் தேய்ந்த சீப்பை அதில் மாட்டினால், இன்னும் வேகமாகச் சுடும், இன்னும் ஆழமாகக் கிழிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மெஷின் விற்கிறவர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பெட்டியில் ஒரு சீப்பு, ஒரு கட்டர் வைத்து விற்பார்கள். அது மழுங்கியதும் "சக்தி போதாது" என்பார்கள். மழுங்கின அரிவாளைக் கொண்டுபோனால் புது அரிவாள் எடுத்து நீட்டுகிற கொல்லரிடம் நாம் போவோமா? இன்னும் சிலர் நாய்க்கும் குதிரைக்கும் முடி வெட்டுகிற மெஷினையே "ஆட்டுக்கும் ஆகும்" என்று தலையில் கட்டுகிறார்கள். அந்த நெருக்கமான பல் செம்மறிக் கம்பளியில் ஒரு சாண் போவதற்குள் அடைத்துக்கொள்ளும். உங்களுடையது செம்மறி மெஷின்தானா என்று முதலில் சீப்பைப் பாருங்கள். மூன்று அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட அகலமாக, 13 நீளப் பற்களோடு இருந்தால் சரியான சாமான். அதன் மேல் ஓடுகிற கட்டருக்கு நான்கு முனை இருக்கும்.

கம்பளியை வெட்டுவது மோட்டார் இல்லை, அந்தச் சீப்பும் கட்டரும்தான். சீப்பின் அகலம் ஒன்றுக்காகவே 1983-ல் ஆஸ்திரேலியாவில் ஆட்டு மயிர் கத்தரிக்கிறவர்கள் பெரிய வேலைநிறுத்தம் நடத்தினார்கள். இரண்டரை அங்குலத்துக்கு மேல் அகலமான சீப்பு வரலாமா கூடாதா என்பதுதான் சண்டை. மோட்டாருக்காக யாரும் அப்படிச் சண்டை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இப்போது சாணைக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் சக்கரம் வைத்துக்கொண்டு வருகிற சாணைக்காரர் நல்ல மனிதர்தான். அரிவாள்மனைக்கும் தையல் கத்தரிக்கும் அவரை விட்டால் ஆளில்லை. ஆனால் அவர் தீட்டுவது ஓரத்தை. நமது சீப்பிலும் கட்டரிலும் தீட்ட வேண்டியது ஓரம் அல்ல, இரண்டும் ஒன்றோடொன்று உரசுகிற அந்தத் தட்டையான முகம். அதுவும் முழுத் தட்டையாக இருக்கக் கூடாது. நடுவில் மயிரிழை அளவு குழிவு வேண்டும். அதற்காகவே தனி அரைவை மெஷின் இருக்கிறது. எமரித் தாள் ஒட்டிய வட்டத் தட்டு, அதன் முகமே நடுவிலிருந்து விளிம்புக்கு லேசாகச் சரிந்திருக்கும். மேலிருந்து தொங்குகிற ஒரு கையில் சீப்பை மாட்டி, தட்டில் இப்படியும் அப்படியும் நகர்த்தினால் அந்தக் குழிவு தானாக விழும்.

உங்கள் சீப்பை இப்போதே எடுத்துச் சோதியுங்கள். எண்ணெயைத் துடைத்துவிட்டு, கட்டரோடு உரசுகிற முகத்தில் ஒரு இரும்பு ஸ்கேலின் விளிம்பைப் பல் நுனியிலிருந்து அடி வரைக்கும் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நுனியும் அடியும் ஸ்கேலைத் தொட்டு, நடுவில் மெல்லிசாக ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. நடு மேடாகி நுனி தூக்கிக்கொண்டிருந்தால், வெட்டுகிற இடத்தில் கட்டர் சீப்பைத் தொடவே தொடாது. மெல்லத்தான் செய்யும். பல் நுனியில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீலம் இருந்தால் சாணைச் சூட்டில் இரும்பின் பதம் போய்விட்டது. அதைத் திரும்பத் தீட்டுவது வீண், தூக்கிப் போடுங்கள்.

அடுத்து நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி சொல்கிறேன். வெட்டவில்லை என்றதும் மேலே இருக்கிற திருகை இறுக்கியிருப்பீர்கள். கொஞ்சம் வெட்டியிருக்கும். மறுபடி மழுங்க, மறுபடி இறுக்கியிருப்பீர்கள். அந்தச் சூடு அங்கிருந்து வந்ததுதான். கம்பளி வெட்டுப்படுகிற அளவுக்குத்தான் இறுக்கம். மெல்ல ஆரம்பித்தால் கால் திருப்புக்கும் குறைவாக ஒரே ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். அதற்கும் கேட்கவில்லையா, கட்டரை மாற்றுங்கள். இன்னொரு முறை திருகைத் தொடக் கூடாது.

அதனால் பெரிய மோட்டாருக்கு வைத்திருக்கிற காசில் கொஞ்சம் எடுத்து இரண்டு சீப்பு, ஆறு கட்டர் வாங்குங்கள். கட்டர்தான் சீக்கிரம் மழுங்கும், ஒரு சீப்புக்கு மூன்று என்பது என் கணக்கு. மாட்டும்போது கட்டரின் முனை, சீப்புப் பல்லின் நுனிச் சரிவு தொடங்கும் இடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் பின்னாலேயே நிற்கட்டும். முன்னால் தள்ளி மாட்டினால் தோல் உள்ளே மாட்டும். கட்டர் இடமும் வலமும் ஓடும்போது சீப்பின் கடைசிப் பல்லைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கவும் கூடாது. புதுச் சீப்பின் பல் நுனியை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். குத்தினால், ஆட்டையும் குத்தும். நைஸ் எமரித் தாளில் நுனியை மட்டும் லேசாக உருட்டிவிடுங்கள்.

அரைவை மெஷின் விலை ஒரு வீட்டுக்குக் கட்டாது. கம்பளி விற்கிற விலையில் கத்தரிக்கிற கூலியே தேறுவதில்லை, அது எனக்கும் தெரியும். உங்கள் ஊரில் ஆடு வைத்திருக்கிற ஐந்தாறு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். சேர ஆள் இல்லையென்றால், பக்கத்திலேயே மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கத்தரிப்பு நடக்கிற நாளைக் கேட்டுப் போய் ஒரு பகல் நின்று பாருங்கள். கை எப்படிப் போகிறது என்று கண்ணால் பார்ப்பதற்கு ஈடாக நான் எதையும் எழுத முடியாது.

எண்ணெய் கதைக்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். உங்கள் மேல்மலையில் ஐப்பசிக் காலையில் அது பாட்டிலிலேயே வெள்ளைக் கட்டியாக இருந்திருக்குமே? மெஷினுக்குள் போய் அது எண்ணெயாக இருக்குமா, மெழுகாக இருக்குமா? தையல் மெஷின் எண்ணெய் போதும். ஒரு ஆடு முடிந்ததும் சீப்பின் மேல் நாலு சொட்டு, மெஷினின் பின்பக்கத்து எண்ணெய்த் துளைகளில் ஒரு சொட்டு. சாயங்காலம் கழற்றி பிரஷ்ஷால் கம்பளி அழுக்கைத் தட்டி, துடைத்து, எண்ணெய் பூசி வையுங்கள்.

இதெல்லாம் நீங்கள் கேட்டது. கேட்டிருக்க வேண்டியது வேறு: எப்போது கத்தரிப்பது?

செம்மறிக் கம்பளியில் இயற்கையாகவே ஒரு பிசுக்கு உண்டு. வெயில் காலத்தில் அது இளகி, சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். குளிரில் இறுகி நிற்கும். மழை விட்ட இரண்டு நாளில் வெட்டினேன் என்கிறீர்கள். வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் அடிமயிர் ஈரமாகத்தான் இருந்திருக்கும். ஆட்டின் பிசுக்கும் உறைந்து, உங்கள் எண்ணெயும் உறைந்து, நடுவில் மழுங்கின கட்டர். பாவம், மோட்டார் என்ன செய்யும்? வடகிழக்கு மழைக்கும் மார்கழிப் பனிக்கும் முன்னால் ஆட்டின் போர்வையை உருவிவிட்டோம் என்பதும் சேர்த்தி. பனி போனபின் மார்ச்சில், நாலைந்து நாள் நல்ல வெயில் காய்ந்தபிறகு கத்தரியுங்கள். இரண்டாவது கத்தரிப்பு வேண்டுமென்றால் செப்டம்பர் தொடக்கத்தோடு முடித்துவிடுங்கள். தள்ளிப்போனால் விட்டுவிடுங்கள், மார்ச்சுக்குக் காத்திருக்கட்டும்.

அல்பாகா வீடியோ பற்றி. அந்தப் பிராணிக்கு நீளமான கால், நீளமான கழுத்து, துப்பவும் செய்யும். அதனால் கயிறு கட்டி நீட்டுகிறார்கள். அதன் மயிரில் செம்மறி அளவுக்குப் பிசுக்கும் கிடையாது, மண்ணும் தூசியும்தான் அதிகம். அதனால் மெஷினை மெதுவாக ஓட்டி, சீப்பை அடிக்கடி மாற்றுவார்கள். நமக்கு அந்த வித்தை வேண்டாம். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஆட்டுக்குத் தீனி போடாதீர்கள். வயிறு நிறைந்த ஆட்டைப் புரட்டினால் மூச்சு திணறும். பின்பக்கம் தரையில் பட உட்காரவைத்து, முதுகை உங்கள் முழங்காலில் சாய்த்துக்கொள்ளுங்கள். நாலு காலும் தரையில் படாதவரை செம்மறி அடங்கி உட்காரும். மெரினோ ரத்தம் இருக்கிற ஆட்டுக்குத் தோல் மடிப்பு அதிகம். இடது கையால் மடிப்பை இழுத்து விரித்துக்கொண்டே போகவேண்டும். மடிக்காம்பு இருக்கிற இடத்தில் கையால் மூடிக்கொண்டு வெட்டுங்கள். விட்டுப்போன இடத்தில் மறுபடி மெஷினை ஓட்டாதீர்கள். அந்தத் துண்டு மயிர் எதற்கும் உதவாது, தோல்தான் போகும்.

கரண்டையும் பாருங்கள். உங்கள் மலையில் ஓல்டேஜ் இறங்கினால் மோட்டார் தனியாகச் சுடும். வீட்டிலிருந்து பட்டிக்கு மெல்லிய வயரில் நீளமாக இழுத்திருந்தால் இன்னும் மோசம். கனமான வயர், எர்த், ஷாக் அடித்தால் விழுகிற டிரிப்பர், மூன்றும் இல்லாமல் ஈரத் தரையில் அந்த மெஷினைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

கடைசியாக, போகிறபோக்கில் நீங்கள் எழுதிய அந்தக் கட்டி. கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது அதுதான். தாடைக்குக் கீழே வருகிற சீழ்க்கட்டி, நிணநீர்க் கணுவில் கிருமி உட்கார்ந்து வருவதாக இருக்கலாம். அப்படியானால் அது கத்தரிப்புக் காயம் வழியாகவே மந்தை முழுவதும் பரவும். அந்தப் பெட்டைக்குப் பின்னால் எத்தனை ஆட்டை அதே சீப்பால் வெட்டினீர்கள், அவற்றில் எத்தனைக்குத் தோல் கிழிந்தது என்று உட்கார்ந்து கணக்கெடுங்கள். அந்த ஆடுகளின் தாடை, தோள் முன்புறம், தொடை மடிப்பு மூன்றையும் மாதம் ஒருமுறை தடவிப் பாருங்கள். கட்டி தென்பட்டால் நீங்களே கீற வேண்டாம், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மார்ச்சில் குட்டி, இளசுகள் முதலில், கிழடுகள் பிறகு. கட்டி உள்ளவை எல்லாவற்றுக்கும் கடைசி. அதை வெட்டி முடித்ததும் சீப்பையும் கட்டரையும் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, துடைத்து, காயவைத்து, பிறகு எண்ணெய் பூசுங்கள். அந்தப் பெட்டையின் கழுத்தில் இன்றைக்கே ஒரு சிவப்புக் கயிறு கட்டிவிடுங்கள். மார்ச் வரைக்கும் ஞாபகம் நிற்காது.