பழைய பாய்ப்படகு வாங்குமுன்: மும்பைத் தமிழர்களின் கேள்விகள், ஒருவரின் பதில்கள்

முருகன், செம்பூர்: 1980களில் கட்டிய 30 அடி ஃபைபர்கிளாஸ் பாய்ப்படகு விலைக்கு வருகிறது. 40 வருடப் படகை நம்பலாமா அண்ணா?

ஃபைபர்கிளாஸுக்கு அது பெரிய வயது இல்லை. அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் ஹல், அதாவது படகின் உடல், தாராளமான கனத்தில் இருக்கும். கெட்டுப்போவது அதில் செருகிய உலோகம், மரம், ரப்பர். அதனால் மாஸ்ட்டை (பாய்மரத்தை) நிமிர்த்திப் பிடிக்கும் கம்பி எந்த வருடம், பாய் எந்த வருடம், இன்ஜின் எந்த வருடம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் எல்லாம் பழசு என்றே கணக்குப் போடுங்கள். கம்பி, பாய், இன்ஜின் மூன்றையும் புதிதாக மாற்றினால் படகின் விலையையே தாண்டிவிடலாம்.

கவிதா, நெருல்: தண்ணீருக்குக் கீழே கொப்புளங்கள் இருக்கின்றன. விற்பவர் சும்மா பெயின்ட் என்கிறார்.

ஒன்றைக் குத்திப் பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. உள்ளே அழுத்தம் இருக்கும், தெறிக்கும். வெறும் கடல்நீர் வந்தால் பெயின்ட்தான். புளிப்பு வாடையோடு பிசுபிசுத்த திரவம் வந்தால் ஆஸ்மாசிஸ்: தண்ணீர் ஃபைபருக்குள்ளேயே ஊறியிருக்கிறது. அங்கங்கே சின்னதாகப் பத்திருபது என்றால் பயமில்லை: நோண்டி, கழுவி, காயவைத்து, எபாக்சிப் பசையால் அடைக்கலாம். அடிப்பகுதி முழுக்க இருந்தால் ஜெல்கோட் என்ற மேல்பூச்சையே சீவி எடுத்து மாதக்கணக்கில் உலர்த்த வேண்டும். மும்பை ஈரத்தில் கூரை போட்ட ஷெட் இல்லாமல் அது காயாது. அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ஆஸ்மாசிஸால் மூழ்கிய படகு அபூர்வம். இதைப் பார்த்து ஓடுகிறவர்கள் அடுத்த கேள்வியில் வருவதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சேகர், மாட்டுங்கா: கம்பியெல்லாம் ஸ்டெயின்லெஸ், பளபளவென்று இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

வெளியே இருக்கும் பளபளப்பு எதையும் சொல்லாது. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பது மேற்பரப்பில் ஆக்சிஜன் படுவதால். காற்றுப் புகாத இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கினால் அந்த மேல்படலம் அழிந்து, உலோகம் உள்ளுக்குள் குழிகுழியாக அரித்துப்போகும். கம்பியைப் பொறுத்தவரை அப்படிப்பட்ட முக்கிய இடுக்குகள் இரண்டு. ஒன்று, கம்பியின் கீழ்முனையில் அழுத்திப் பொருத்திய ஸ்வேஜ் என்ற உலோகக் குழல். மேலிருந்து வழியும் தண்ணீர் அதற்குள் இறங்கித் தங்கும். லென்ஸ் வைத்து நீளவாக்கில் மயிரிழை விரிசல் தேடுங்கள். பஞ்சை எடுத்துக் கம்பி மேலே ஓட்டுங்கள்; அறுந்த இழை இருந்தால் பஞ்சு மாட்டும். வெறும் விரலால் தடவாதீர்கள்.

இரண்டாவது, செயின்பிளேட். கம்பி இழுப்பதையெல்லாம் ஹல்லுக்குக் கடத்தும் பட்டை இதுதான். டெக்கை (மேல்தளத்தை) துளைத்துக்கொண்டு இறங்கும் அந்த ஒன்றிரண்டு அங்குலத்தில்தான் அரிப்பு. மேலேயும் கீழேயும் புதுசு போல இருக்கும், நடுவில் பாதி தின்னப்பட்டிருக்கும். அறுந்தால் மாஸ்ட் சாயும். ஒன்றையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உரிமையாளர் சம்மதிக்கவில்லை, 30 வருடத்தில் யாரும் கழற்றியதில்லை என்றால் அத்தனையையும் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். கம்பிக்கு 10 முதல் 15 வருடம் என்பது பொதுக் கணக்கு. எல்லா மாதமும் சூடாக இருக்கும் நம் பக்கம் நான் 10ஐ ஒட்டியே நிற்பேன்.

செயின்பிளேட் வழியாக ஒழுகும் தண்ணீர் இன்னொரு வேலையும் செய்யும். பல படகுகளில் டெக் என்பது இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம். அது ஊறி மக்கிவிடும். பிளாஸ்டிக் சுத்தியலால், தேங்காய் வாங்கும்போது தட்டுவது போல, அரை அடிக்கு ஒரு தட்டு: கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் உள்ளே போச்சு. விஞ்ச் (கயிறு இழுக்கும் உருளை), ஸ்டாஞ்சன் (ஓரத் தடுப்புக் கம்பிகளைத் தாங்கும் தூண்), ஹேட்ச் (டெக்கிலுள்ள திறப்புக் கதவு) ஓரங்களில் நெருக்கமாகத் தட்டுங்கள்.

ஃபாத்திமா, குர்லா: மழைக்காலத்தில் படகு கரையில் நிற்கிறது. அக்டோபர் வரை காத்திருக்கவா?

காத்திருக்காதீர்கள், ஜூலையிலேயே போங்கள். அடிப்பகுதி முழுவதும் கண்ணில் படும் காலம் அதுதான். மேலே தார்ப்பாய் போட்டிருந்தால் விலக்கச் சொல்லி, ஒரு நல்ல மழைக்குப் பிறகு உள்ளே ஏறுங்கள். எங்கே ஒழுகுகிறது என்று படகே சொல்லும். ஈரம் அளக்கும் மீட்டரை மட்டும் அப்போது நம்ப வேண்டாம், எல்லாமே ஈரம் என்று காட்டும். கடலில் ஓட்டிப் பார்ப்பதை மழை நின்றபின் வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தையும் அதுவரை கையில் வைத்திருங்கள்.

முருகன், செம்பூர்: தரைதட்டிய படகா என்று எப்படித் தெரியும்?

மும்பைத் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெருவேலியேற்றத்தின்போது தண்ணீர் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், தரைதட்டாத படகு குறைவு. சேற்றில் உட்கார்ந்தால் பாதகமில்லை. கொலாபா முனையிலுள்ள பிராங்ஸ் பாறை மாதிரி இடத்தில் மோதியிருந்தால் வேறு கதை. கீல், அதாவது படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான பகுதி, முன்விளிம்பில் அடிபடும்போது அதன் பின்முனை ஹல்லை மேல்நோக்கிக் குத்தும். ஆகவே கேபின் தரைப்பலகையைத் தூக்கி, கீலின் பின்முனைக்கு நேர்மேலே பாருங்கள்: குறுக்குச் சட்டங்களில் விரிசல், ஹல்லோடு ஒட்டிய ஃபைபர் பட்டை பிரிந்திருத்தல், புதுப் பெயின்ட். வெளியே கீலும் ஹல்லும் சேருமிடத்தின் முன்பக்கம் வாய் பிளந்திருந்தால் கீல் போல்ட்டைச் சந்தேகப்படுங்கள்.

டேவிட், முலுந்து: 20 வருடப் பழைய டீசல் இன்ஜின், 900 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. நல்லதுதானே?

20 வருடத்தில் 900 மணி என்றால் நல்லதில்லை. ஓடாமல் கிடந்துதான் படகு இன்ஜின்கள் சாகின்றன. போனதும் பிளாக்கில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் கிளம்பத் திணறுவதை மறைக்க முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வாருங்கள். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நீலப் புகை ஆயில் எரிவது. கரும்புகைக்கு அடைத்த ஏர் ஃபில்டரோ புரொப்பல்லரில் ஒட்டிய சிப்பியோ காரணமாகலாம். விடாத வெண்புகை எரியாத டீசலாகவோ நீராவியாகவோ இருக்கலாம். கயிற்றில் கட்டியபடியே கியர் போட்டு முக்கால் த்ராட்டிலில் 20 நிமிடம் ஓட்டுங்கள். எக்ஸாஸ்ட்டில் தண்ணீர் தாராளமாகத் துப்ப வேண்டும், வெப்பம் ஒரே அளவில் நிற்க வேண்டும். ஏறினால் எக்ஸாஸ்ட் எல்போ (புகைக்குழாயின் வளைவு) அடைத்திருக்கலாம், அல்லது குளிர்விக்கும் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் உடைந்த இறக்கைகள் குழாயில் மாட்டியிருக்கலாம்.

செயில்டிரைவ் (ஹல் அடியைத் துளைத்து நேராகக் கீழே இறங்கும் புரொப்பல்லர் கால்) என்றால் அந்தத் துளையை அடைக்கும் ரப்பர் டயஃப்ரம் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். தயாரிப்பாளர்களில் வால்வோ பென்டா சொல்வது 7 வருடம்.

கவிதா, நெருல்: தண்ணீர் உள்ளே வரவும் வெளியே போகவும் ஹல்லில் இருக்கும் வால்வுகள்?

ஒவ்வொன்றையும் திறந்து மூடுங்கள். கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சளாக மின்னினால் சரி. செம்பு நிறத்தில் இளஞ்சிவப்பாக இருந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துவிட்டது, காலால் மிதித்தாலே ஒடியும். மாற்றாமல் படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

சேகர், மாட்டுங்கா: டெக் முழுக்கத் தேக்குப் பலகை, அழகாக இருக்கிறதே?

ஸ்க்ரூ அடித்த தேக்கா? ஒவ்வொரு ஸ்க்ரூவும் டெக்கில் ஒரு ஓட்டை. நான் விலகிப்போவேன்.

டேவிட், முலுந்து: காகிதங்களில் எதைப் பார்க்க வேண்டும்?

வெளிநாட்டுப் படகென்றால் முதலில் சுங்கவரி கட்டிய பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிப் பத்திரம்). அது இல்லாத படகைச் சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம்; அப்போது படகு இருப்பது உங்கள் கையில். பிறகு பதிவுச் சான்று: பின்பக்கம் வலது மேல்மூலையில் பொறித்த ஹல் எண், இன்ஜின் எண் இரண்டும் அதோடு ஒத்துப்போக வேண்டும். படகு நிறுத்திய இடத்தில் வாடகை பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். முன்பணச் சீட்டில் 'சர்வே திருப்தியானால் மட்டும்' என்ற வரி இருக்கட்டும், படகைச் சோதிக்கும் சர்வேயர் நீங்கள் அமர்த்தியவராக இருக்கட்டும்.

ஃபாத்திமா, குர்லா: எல்லாம் சரி, கேபினுக்குள் கழிவறை நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது.

வெந்நீரில் நனைத்த துணியைக் கழிவுக்குழாய் மேலே சுற்றி, ஆறியதும் துணியை முகர்ந்து பாருங்கள். துணி நாறினால் குழாயின் சுவரே ஊறிவிட்டது. மொத்தக் குழாயையும் மாற்றுங்கள். ஃபினாயில் ஊற்றிப் பயனில்லை.