குவாண்டம் கோட்பாட்டுக்குக் கலப்பெண் (மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தைச் சேர்த்த எண்) உண்மையிலேயே தேவையா, கணக்குப் போடும் வசதிக்கு மட்டுமா?

மின்னியல் படித்தவன் என்பதால் நானும் ரொம்ப நாள் 'வசதிதான்' கட்சியில் இருந்தேன். மாறுதிசை மின்சுற்றில் கலப்பெண்ணை வைத்துக் கணக்கை முடித்துவிட்டு, கடைசியில் மெய்ப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். குவாண்டத்திலும் அதே கதை என்று நினைப்பு. குவாண்டத்தின் அலைச் சமன்பாட்டை எழுதிய ஷ்ரோடிங்கரே 1926 ஜூனில் இயற்பியலாளர் லோரன்ட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், கலப்பெண் நுழைவது பிடிக்கவில்லை, துகளின் நிலையைச் சொல்லும் அலைச்சார்பு அடிப்படையில் மெய்ச்சார்பாகத்தான் இருக்கவேண்டும் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

என்னைக் கட்சி மாற வைத்தது ஒரு சின்னக் கணக்கு. உந்தம் திட்டவட்டமாக உள்ள எலக்ட்ரான் எங்கே அகப்படும் என்று சொல்ல முடியாது. எல்லா இடத்திலும் நிகழ்தகவு சமமாக இருக்கவேண்டும். அலைச்சார்பின் அளவை வர்க்கம் எடுத்தால் அந்த நிகழ்தகவு வரும். மெய்யெண்ணோடு நின்று ஒரு கொசைன் அலையை எழுதி வர்க்கம் எடுத்துப் பாருங்கள், இடையிடையே பூச்சியம் வந்து நிற்கும். இன்னொரு கோளாறும் உண்டு. ஒரு கணத்தில் அந்தக் கொசைனைப் படம் பிடித்தால் அலை இடப்பக்கம் போகிறதா, வலப்பக்கமா என்றே தெரியாது. குளத்து அலை என்றால் நீர்ப்பரப்பு ஏறும் இறங்கும் வேகத்தையும் சேர்த்துச் சொல்லிச் சமாளிக்கலாம். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டிலோ காலத்தைப் பொறுத்து முதல் வகைக்கெழு (மாறும் வேகம்) மட்டும்தான். இந்தக் கணத்து அலைச்சார்பைக் கொடுத்தாலே அடுத்த கணம் வந்துவிடவேண்டும். ஆகவே திசையும் அதற்குள்ளேயே இருக்கவேண்டும். கலப்பெண் அலையில் வீச்சின் அளவு எங்கும் ஒன்றே. கட்டம், அதாவது அந்த எண்ணின் கோணம், எந்தப் பக்கமாகச் சுழல்கிறதோ அதுதான் திசை.

சரி, அதற்கு இரண்டு மெய்யெண்கள் போதுமே என்பீர்கள். ஒரு துகளுக்குப் போதும். இயற்பியலாளர் ஸ்டூக்கல்பெர்க் 1960-இலேயே மெய்யெண்களால் குவாண்டம் கோட்பாட்டை எழுதிக் காட்டினார். தனித்தனி அமைப்புகளை வழக்கமான டென்சர் பெருக்கல் விதிப்படி (தனி அமைப்புகளின் நிலைகளைப் பெருக்கி ஒரே அமைப்பாக எழுதும் விதி) சேர்க்கும்போதுதான் இடிக்கிறது. ரெனூவும் சக ஆய்வாளர்களும் 2021-இல் ஒரு பெல் வகைச் சோதனையை (வெவ்வேறு இடத்து அளவீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது) முன்வைத்தார்கள்: மூன்று பேர், ஒன்றையொன்று சாராத இரண்டு பின்னல் மூலங்கள் (ஒன்றோடொன்று பிணைந்த துகள் இணைகளைத் தருபவை). மெய்யெண்ணோடு நின்றால், ஒத்துப்போவதை அளக்கும் மதிப்பு 7.66-க்கு மேல் போகாது. கலப்பெண் இருந்தால் 8.49 வரை போகலாம். சீனாவில் மீக்கடத்திக் கியூபிட்களை (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகள்) வைத்துச் செய்து பார்த்தபோது வந்தது 8.09.

அமைப்புகளைச் சேர்க்கும் அந்த விதியை மாற்றத் தயார் என்றால் மெய்யெண் இன்னும் தப்பிக்கலாம். ஆனால் தொடர்பே இல்லாத இரண்டு ஆய்வகங்களும் எது மெய்ப்பகுதி, எது மற்றப் பகுதி என்று காட்டும் பொதுவான ஒரு கூடுதல் குறியைப் பகிர்ந்துகொள்கின்றன என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அதற்கு மைனஸ் ஒன்றின் வர்க்கமூலமே எனக்கு மலிவாகத் தெரிகிறது.