"இப்போ அரசியல் பேசாதே" என்று வாயை அடைத்தால்?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: எல்லையில் தாக்குதல் நடந்து பலர் இறந்த அன்று, உறவினர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் "முன்கூட்டியே எச்சரிக்கை வந்ததா, வந்திருந்தால் யார் என்ன செய்தார்கள்" என்று எழுதினேன். உடனே பெரியப்பா, "நாடு ஒன்றாக நிற்க வேண்டிய நேரம், இப்போ அரசியல் பேசாதே" என்று அடக்கிவிட்டார். நான் கேட்டது தப்பா? தப்பில்லை என்றால் எப்படிக் கேட்டிருக்க வேண்டும்?

தப்பே இல்லை. நேரம்தான் கொஞ்சம் இடித்திருக்கிறது, உடல்கள் வீடு வந்து சேராத அன்று எந்தக் கேள்வியும் குத்தலாகத்தான் கேட்கும். அதனால் "இப்போ வேண்டாம்" என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள், "சரி, எப்போ?" என்று மட்டும் கேளுங்கள். அடுத்த மாதம், கூட்டத்தொடர் தொடங்கியதும், விசாரணை அறிக்கை வந்ததும் என்று ஏதாவது ஒரு நாளைச் சொன்னால் காத்திருப்பதில் நியாயம் உண்டு. நாளே சொல்லாமல் மழுப்பினால், ஒற்றுமை என்ற பெயரில் ஆள்பவரைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

போர் நேரத்தில் கேள்வியே கூடாது என்பார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது, 1940 மே 7, 8 தேதிகளில், நார்வேயில் பிரிட்டிஷ் படை அடிவாங்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பிரதமர் சேம்பர்லினைப் பிடித்து உலுக்கியது. வாக்கெடுப்பில் 281க்கு 200 என்று அவர்தான் ஜெயித்தார், ஆனால் சொந்தக் கட்சியிலேயே பலர் கைவிட்டுவிட்டதால் 10ஆம் தேதி பதவி விலகினார். அடுத்து வந்த சர்ச்சிலும் தப்பவில்லை. வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படை காத்துவந்த டோப்ருக் நகரம் ஜெர்மனியிடம் விழுந்த கையோடு, 1942 ஜூலையில் அவர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது, 475 பேர் அவர் பக்கம், 25 பேர் எதிர்ப்பக்கம். எனக்கு இந்த இரண்டாவது கதைதான் பிடிக்கும், ஏனென்றால் இதில் கேட்டவர்கள் தோற்றார்கள், அப்படியும் நாடு உடைந்துவிடவில்லை, போரிலும் தோற்கவில்லை. இந்தியாவிலும் 1962இல் சீனாவுடன் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே நேரு நாடாளுமன்றத்தைக் கூட்டினார், பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனின் பதவியும் போர் முடியும் முன்பே போனது.

இனி எப்படிக் கேட்பது என்பதற்கு வருகிறேன். நடக்கப்போவதைத் தொடாதீர்கள், நடந்து முடிந்ததைக் கேளுங்கள். படை எங்கே நகர்கிறது, பதிலடி எப்போது என்பதெல்லாம் ரகசியமாகவே இருக்கட்டும். போன மாதம் வந்த எச்சரிக்கையின் மேல் யார் முடிவெடுத்தார் என்பதை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை.

அப்புறம், கேள்வி யாருக்கு என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். "பாதுகாப்பு கோட்டைவிட்டது" என்று நீங்கள் எழுதினால் பெரியப்பாவின் காதில் "ராணுவம் கோட்டைவிட்டது" என்றுதான் விழும், அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். "காவலில் நின்றவர்களைப் பற்றி நான் பேசவில்லை, கோப்பில் கையெழுத்துப் போட்டவரைப் பற்றிக் கேட்கிறேன்" என்று தொடங்கிப் பாருங்கள். "இவங்களுக்கு வெட்கமே இல்லையா?" என்பதற்கு எந்த அமைச்சரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "எச்சரிக்கை எந்தத் தேதியில் எந்தத் துறைக்கு வந்தது, அதன் மேல் என்ன உத்தரவு போடப்பட்டது?" என்றால் நழுவுவது கஷ்டம்.

இந்தக் கேள்வியைக் குழுவில் போட்டுவிட்டு விடாமல் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதமாக அனுப்புங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு கேள்வி போதும். அவர் அதை அவையில் எழுப்பினால் அமைச்சர் சொல்லும் பதில் அவைக்குறிப்பில் ஏறிவிடும், பின்னால் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று மாற்ற முடியாது.

விசாரணைக் குழு அறிவித்துவிட்டார்களே என்று யாராவது சொன்னால், அதில் எதிர்க்கட்சியினர் இருக்கிறார்களா, கெடு எப்போது, அறிக்கை அவையில் வைக்கப்படுமா என்று பாருங்கள். அமெரிக்காவில் 1941இல் ராணுவ ஒப்பந்தங்களில் நடந்த விரயத்தைத் தோண்டிய செனட் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அதிபர் ரூஸ்வெல்ட்டின் கட்சிக்காரரான ட்ரூமன்தான். சொந்த ஆட்சியைக் கேள்வி கேட்டது துரோகமாகிவிடவில்லை, மூன்று வருடம் கழித்து ரூஸ்வெல்ட்டோடு துணை அதிபர் பதவிக்கு நின்றவரும் அவரே.

பெரியப்பா விஷயம் ஒன்று பாக்கி. குழுவில் அவருக்குப் பதில் போடாதீர்கள், பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் யாரும் இறங்கி வரமாட்டார்கள். தனியாகப் போன் செய்து அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள், எந்த வரி அவரை உறுத்துகிறது என்று கேட்டுத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.